பிரெஞ்சு வசனம் கட்டுவது எப்படி? திருகோணமலையில் புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலாவெளியில் படகு ஓட்டுபவர், உப்புவெளி விடுதியில் வரவேற்பில் நிற்பவர், சாதாரண தரத்துக்குப் பிரெஞ்சு எடுத்த மாணவி, பாரிஸில் உள்ள கணவரிடம் போகக் காத்திருப்பவர். இவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் முட்டிக்கொள்கிற இடங்கள் அநேகமாக ஒன்றுதான். சொற்கள் தெரியும், வசனம் வராது. அந்த இடங்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

இங்கே பிரெஞ்சு தமிழ் எழுத்தில் இருக்கிறதே, எப்படி வாசிப்பது?

இது ஒலி மட்டுமே, எழுத்துக்கூட்டல் அல்ல. பிரெஞ்சில் எழுதுவது நிறைய, உச்சரிப்பது குறைவு. எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு குறிப்புகள் போதும்.

"ஜ" என்று எழுதியிருப்பது நம் "ராஜா"வில் வருவதல்ல. "ஷ்ஷ்" என்று இழுத்துக்கொண்டே தொண்டையை அதிர விடுங்கள், அந்த ஒலி. அதேபோல "ஸ்ஸ்" என்று இழுத்துத் தொண்டையை அதிரவிட்டால் வருவதை "ஃஸ" என்று எழுதியிருக்கிறோம். "ஓன்", "ஆன்", "ஏன்" என்று முடிபவை மூக்கொலிகள். நாக்கு மேலே தொடக்கூடாது. "து" இரண்டு உண்டு: நீ என்று பொருள்படும் "து"வில் "பத்து"வின் து, மீனுக்கு முன் வரும் "து"வில் "பந்து"வின் து. இரண்டிலும் வாய் "இ" சொல்ல, உதடு மட்டும் "உ"வுக்குக் குவிய வேண்டும்.

தமிழ் வசனத்துக்கும் பிரெஞ்சு வசனத்துக்கும் பெரிய வித்தியாசம் எது?

தமிழில் வேலையைச் செய்வது உருபு. பிரெஞ்சில் வேலையைச் செய்வது இடம்.

"நாய் மீனவரைப் பார்க்குது" என்றாலும் "மீனவரை நாய் பார்க்குது" என்றாலும் பார்ப்பது நாய்தான். "ஐ" ஒட்டியிருப்பதால் சொல்லை எங்கே தள்ளினாலும் பொருள் குழம்பாது. பிரெஞ்சில் அந்த "ஐ" இல்லை. "லெ ஷியேன் வ்வா லெ பெஷெர்" என்றால் நாய் மீனவரைப் பார்க்கிறது. இரண்டு பெயரையும் இடம் மாற்றி "லெ பெஷெர் வ்வா லெ ஷியேன்" என்றால் மீனவர் நாயைப் பார்க்கிறார். ஒரு எழுத்தும் மாறவில்லை, செய்தி தலைகீழாகிவிட்டது.

ஆக அடிப்படை வரிசை எழுவாய், வினை, செயப்படுபொருள். நம் வரிசையில் கடைசியில் நிற்கும் வினை இங்கே நடுவுக்கு வருகிறது. "நான் சோறு சாப்பிடுறன்" என்பது "ஜெ மான்ஜ் து ரி", அதாவது நான் - சாப்பிடுறன் - சோறு. புதிதாகப் படிப்பவர் முழு வசனத்தையும் தமிழில் யோசித்துப் பிறகு மாற்றப் பார்க்கிறார். அப்போது வினை கடைசிவரை கைக்கு வராது, வாய் நின்றுவிடும். யார், என்ன செய்கிறார் என்ற இரண்டை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பின்னால் ஒட்டலாம்.

"நான்", "நீ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வேண்டுமா?

ஆம், கட்டாயம். "சாப்பிடுறன்" என்று தமிழில் நிறுத்தலாம், "அன்" யார் என்று சொல்லிவிடும். பிரெஞ்சில் "மான்ஜ்" என்று மட்டும் சொன்னால் யாரென்று தெரியாது. நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் காதில் விழுவது ஒரே "மான்ஜ்"தான். எழுத்தில் வால் மாறும், ஒலியில் மாறாது. நாங்களுக்கு "நு மான்ஜோன்", நீங்களுக்கு "வு மான்ஜே" என்ற இரண்டு மட்டுமே வேறுபட்டுக் கேட்கும். இதில் இன்னொரு பின்விளைவும் உண்டு: எழுவாயை விட்டுவிட்டு "மான்ஜ்!" என்றால் அது "சாப்பிடு!" என்ற ஏவலாகிவிடும்.

மழை பெய்யும்போதுகூட ஒரு எழுவாய் வேண்டும். "இல் ப்ளெ". இந்த "இல்" அவன் அல்ல, ஒருவருமே அல்ல, நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்கார்ந்திருப்பது.

"நான் ஆசிரியர்" என்பதில் வினையே இல்லையே, பிரெஞ்சில் எப்படி?

அங்கே "இரு" என்ற வினை வந்தே தீரும்: "ஜெ ஸ்வி ப்ரொஃபெஸெர்". தொழிலைச் சொல்லும்போது "ஒரு" என்பதற்கான சொல் போடுவதில்லை. "ஜெ ப்ரொஃபெஸெர்" என்று வினையை விழுங்குவது தமிழர் செய்யும் முதல் பிழை.

சிக்கல் இதற்கு அப்பால்தான். நம் "இருக்கு" ஒன்று, பிரெஞ்சில் அது மூன்றாக உடைகிறது.

ஒருவர் எப்படி, எங்கே இருக்கிறார் என்றால் மேலே சொன்ன வினை. அதன் ஆறு வடிவங்கள்: ஜெ ஸ்வி, து எ, இல் எ, நு ஸோம், வு ஃஸெத், இல் ஸோன்.

ஒரு பொருள் அங்கே உண்டு என்று அறிவிக்க "இல் யா". "கடற்கரையில ஒரு படகு இருக்கு" என்பது "இல் யா அன் பாத்தோ ஸ்யூர் லா ப்ளாஜ்". ஒன்றோ நூறோ, "இல் யா" மாறாது.

ஒருவரிடம் உள்ளது என்றால் "கொண்டிரு" என்ற வேறு வினை: ஜே, து ஆ, இல் ஆ, நு ஃஸவோன், வு ஃஸவே, இல் ஃஸோன். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்பது "ஜே அன் ஃப்ரெர்". அண்ணாவும் அதே "ஃப்ரெர்"தான், வேறுபடுத்த வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நம் "எனக்கு" காணாமல் போய் "நான்" வந்துவிட்டதைக் கவனியுங்கள். பசியும் வயதும் இதே வழியில்தான் போகும். "எனக்குப் பசிக்குது" என்றால் "ஜே ஃபேன்", நான் பசியைக் கொண்டிருக்கிறேன். "எனக்கு 20 வயசு" என்றால் "ஜே வேன் தான்". வயதுக்கு "ஜெ ஸ்வி" போடுவது ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்களின் பிழை. தமிழ் வழியாக வந்தால் "இருபது என்னிடம்" என்று நினைத்துத் தப்பலாம்.

"இல் ஸோன்" என்றால் அவர்கள் இருக்கிறார்கள், "இல் ஃஸோன்" என்றால் அவர்களிடம் இருக்கிறது. தொண்டை அதிர்வு ஒன்றுதான் வித்தியாசம், தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள்.

படகு ஆணா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு உயர்திணையில் மட்டும் ஆண், பெண். அஃறிணை எல்லாம் "அது". பிரெஞ்சில் "அது" என்ற மூன்றாவது பெட்டியே இல்லை. படகு (பாத்தோ), துறைமுகம் (போர்), கோயில் (தான்ப்ல்), மீன் ஆண்கள், "லெ" போடுங்கள். கடல் (மெர்), கடற்கரை (ப்ளாஜ்), வீடு (மெஃஸோன்) பெண்கள், "லா" போடுங்கள். பன்மைக்கு இருபாலுக்கும் "லே".

ஒலி முடிவுகள் கொஞ்சம் உதவும். "ஸியோன்" என்று முடிபவை கிட்டத்தட்ட எல்லாம் பெண். "மான்" என்று முடியும் நீண்ட பெயர்கள் பெரும்பாலும் ஆண். "ஆஜ்" என்று முடிபவை பெரும்பாலும் ஆண், ஆனால் நம் ஊரில் தினமும் தேவைப்படும் "ப்ளாஜ்" அதற்கு விதிவிலக்காகப் பெண். ஆகவே கொப்பியில் "பாத்தோ = படகு" என்று எழுதாதீர்கள், "அன் பாத்தோ" என்று எழுதுங்கள். பெண்ணுக்கு "யூன் மெஃஸோன்". "லெ", "லா"வுடன் எழுதுவதைவிட "அன்", "யூன்" நல்லது. ஏனென்றால் உயிரொலிக்கு முன் லெயும் லாவும் சுருங்கி வெறும் "ல்" ஆகிவிடும், பால் மறைந்துபோகும். தீவு "லில்" என்று வரும்போது ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வீர்கள்? "யூன் இல்" என்று எழுதி வைத்திருந்தால் தெரியும்.

மீனுக்கு முன் "லெ" வருமா "து" வருமா?

இரண்டும் வரும், பொருள் வேறு.

"ஜெம் லெ ப்வாஸோன்": எனக்கு மீன் பிடிக்கும். மீன் என்ற இனமே பிடிக்கும் என்பதால் "லெ".
"ஜெ மான்ஜ் து ப்வாஸோன்": நான் மீன் சாப்பிடுகிறேன். உலகத்து மீன் முழுவதையும் அல்ல, கொஞ்சம். அதற்குத்தான் "து". பெண்பால் பொருளுக்கு "தெ லா": "தெ லா வியான்த்", கொஞ்சம் இறைச்சி.
"அன் கிலோ தெ ப்வாஸோன்": ஒரு கிலோ மீன். அளவு சொன்னதும் "து" போய் வெறும் "தெ" ஆகிவிடும்.

தமிழில் மூன்று இடத்திலும் "மீன்" மட்டும்தான், அதனால் இந்தச் சிறு சொல்லை விட்டுவிடத் தோன்றும். விட்டால் பிரெஞ்சுக்காரருக்குச் சொல் பாதியில் நிற்பதுபோல் இருக்கும்.

மீன் வியாபாரம் பார்ப்பவர் கவனிக்க: மீனை எழுதும்போது நடுவில் எஸ் இரண்டு. ஒன்றைத் தவறவிட்டால் "ப்வாஃஸோன்" ஆகும், அதன் பொருள் நஞ்சு. உணவுப் பட்டியல் அச்சிடுமுன் ஒருமுறை பாருங்கள்.

"பெரிய வெள்ளை வீடு" என்பதில் எந்தச் சொல் எங்கே?

தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால். பிரெஞ்சில் பெரும்பாலானவை பெயருக்குப் பின்னால், அன்றாடம் புழங்கும் குட்டிச் சொற்கள் சில மட்டும் முன்னால். பெரிய, சின்ன, நல்ல, கெட்ட, அழகான, இளைய, பழைய, புதிய ஆகியவை முன்னால் வருபவை. நிறம், நாடு, வடிவம் எப்போதும் பின்னால். ஆகவே "யூன் க்ரான்த் மெஃஸோன் ப்ளான்ஷ்", வீடு நடுவில், பெரிய ஒரு பக்கம், வெள்ளை மறுபக்கம்.

அடைமொழியும் பாலுக்கு ஏற்ப மாறும். படகு சின்னதென்றால் "பெத்தி", வீடு சின்னதென்றால் "பெத்தித்". எழுத்தில் ஒரு "ஈ" கூடுகிறது, அதனால் உறங்கிக் கிடந்த கடைசி மெய் விழித்துக்கொள்கிறது. சில சொற்கள் இடம் மாறினால் பொருளும் மாறும். பெரிய என்ற "க்ரான்" மனிதனுக்குப் பின்னால் வந்தால் உயரமானவன், முன்னால் வந்தால் பெரும் மனிதர்.

"மாமாவின் மகனின் வீடு" எப்படி?

வால் பக்கமிருந்து தொடங்குங்கள். வீடு, மகன், மாமா: "லா மெஃஸோன் து ஃபிஸ் தெ மோன் ஓன்க்ல்". நடுவில் வரும் "து" என்பது "தெ"யும் "லெ"யும் சேர்ந்து உருகியது. "தெ லெ" என்று பிரித்து எழுதினால் பிழை. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் இங்கே ஒரே "ஓன்க்ல்".

"இல்லை" என்று எப்படிச் சொல்வது?

வினையை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வையுங்கள், முன்னால் "நெ", பின்னால் "பா". "ஜெ நெ மான்ஜ் பா தெ வியான்த்": நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. "தெ லா வியான்த்" இங்கே "தெ வியான்த்" ஆகியிருப்பதையும் பாருங்கள், இல்லாத பொருளுக்கு "தெ" மட்டும் போதும். பிடிக்கும், பிடிக்காது என்ற வினையிலும், "இது மீன் அல்ல" போன்ற வசனத்திலும் மட்டும் இந்தச் சுருக்கம் நடக்காது.

பேச்சில் "நெ" பெரும்பாலும் விழுந்துவிடும். "எனக்குத் தெரியாது" என்பதற்குப் புத்தகம் "ஜெ நெ ஸே பா" என்று கற்றுத்தரும், நிலாவெளியில் விருந்தாளி சொல்வது "ஷே பா". நீங்கள் எழுதும்போது "நெ"யை விடாதீர்கள். கேட்கும்போது "பா"வைத் தேடுங்கள், எதிர்மறை அதில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்பதற்கு எத்தனை வழி?

மூன்று. குரலை மட்டும் கடைசியில் உயர்த்தலாம்: "வு மான்ஜே து ப்வாஸோன்?" வசனத்தின் தலையில் "எஸ் கெ" ஒட்டலாம்: "எஸ் கெ வு மான்ஜே து ப்வாஸோன்?" அல்லது வினையையும் எழுவாயையும் திருப்பிப் போடலாம்: "மான்ஜே வு து ப்வாஸோன்?" மூன்றாவது கடிதத்துக்கும் மரியாதைக்கும். பேசத் தொடங்குபவருக்கு இரண்டாவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். "சாப்பிடுவீங்களா" என்பதில் கடைசியில் வரும் நம் "ஆ"வைப் பிடுங்கி முன்னால் வைத்ததுதான் "எஸ் கெ". உள்ளே வசனம் கலையாது.

எங்கே "ஊ", எப்போது "கான்", ஏன் "பூர்க்வா", எவ்வளவு "கோம்பியேன்". "ஊ எ லா ப்ளாஜ்?" என்றால் கடற்கரை எங்கே. "ஸெ கோம்பியேன்?" என்றால் எவ்வளவு விலை.

நீ, நீர், நீங்கள்: பிரெஞ்சில் எது?

இரண்டுதான், "து"வும் "வு"வும். நம் நடுத்தர "நீர்" அங்கே இல்லை. சந்தேகமென்றால் "வு". விருந்தாளியிடம், அலுவலகத்தில், வயதில் மூத்தவரிடம் எப்போதும் "வு", அவராகச் சொன்னால் மட்டும் "து".

அவரை, அதை, உனக்கு போன்ற சொற்கள் எங்கே போகும்?

இங்கே பிரெஞ்சு நம் பக்கம் வருகிறது. முழுப் பெயர் வினைக்குப் பின்னால் நிற்கும், ஆனால் சுட்டுப்பெயர் வினைக்கு முன்னால் ஏறிவிடும். "ஜெ வ்வா லெ பெஷெர்", மீனவரைப் பார்க்கிறேன். "ஜெ லெ வ்வா", நான் அவரைப் பார்க்கிறேன், அப்படியே தமிழ் வரிசை. "ஜெ தெ லெ தொன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் "நான் உனக்கு அதைத் தாறன்". ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் தடுமாறும் இடத்தில் தமிழர் நேராகப் போகலாம். இரண்டு விதிவிலக்குகள். "அவருக்கு" என்பது "அதை"க்குப் பின்னால் நகரும், "ஜெ லெ லுவி தொன்". "தா" என்று ஏவும்போது எல்லாம் வினைக்குப் பின்னால் போய்விடும், "தொன் லெ ம்வா", அதை எனக்குத் தா.

"திருகோணமலையில்", "திருகோணமலைக்கு" என்பவற்றுக்கு என்ன வேறுபாடு?

பிரெஞ்சில் இல்லை. "இல்"லும் "க்கு"வும் ஊர்ப்பெயருக்கு முன் ஒரே "ஆ" தான், வினைதான் பிரித்துக் காட்டும். "ஜாபித் ஆ த்ரின்கோமாலே" என்றால் வசிக்கிறேன், "ஜெ வே ஆ த்ரின்கோமாலே" என்றால் போகிறேன். நாட்டுக்குப் பால் பார்க்க வேண்டும். இலங்கையும் கனடாவும் ஆண்: "ஓ ஸ்ரீ லங்கா", "ஓ கனடா". பிரான்ஸும் சுவிஸும் பெண்: "ஆன் ஃப்ரான்ஸ்", "ஆன் ஸ்விஸ்".

நேற்று, நாளை, அடிக்கடி?

நேற்றும் நாளையும் வசனத்தின் தலையிலோ வாலிலோ. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வைக்கக்கூடாது. "நான் நாளைக்கு வாறன்" என்று நமக்கு இயல்பாக வருவதால் இந்தப் பிழை கட்டாயம் வரும். அடிக்கடி என்ற "ஸூவான்" வினைக்கு உடனே பின்னால்: "ஜெ மான்ஜ் ஸூவான் து ப்வாஸோன்".

நடந்ததையும் நடக்கப்போவதையும் எப்படிச் சொல்வது?

நடக்கப்போவது இலகு, "சாப்பிடப் போறன்" என்பதில் நாம் "போ"வைப் பயன்படுத்துவதுபோலவே அவர்களும்: "ஜெ வே மான்ஜே".

நடந்ததற்கு இரண்டு துண்டு. "கொண்டிரு" வினையின் வடிவம் முன்னால், இறந்தகால வடிவம் பின்னால்: "ஜே மான்ஜே", சாப்பிட்டேன். "ஸூஃப்ரென் ஆ ப்ரி த்ரின்கோமாலே ஆன் மில் ஸெத் ஸான் கத்ர் வேன் தெ": ஸூஃப்ரென் 1782இல் திருகோணமலையைக் கைப்பற்றினார். அந்த ஆகஸ்ட்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்த செய்திதான் அது. ஆண்டின் கடைசியில் 82 என்பது "நான்கு இருபது இரண்டு" என்று வருவதையும் பாருங்கள்.

போ, வா, புறப்படு, வந்துசேர், ஏறு, இறங்கு, விழு, தங்கு, பிற, இற போன்ற சுமார் 15 வினைகளுக்கு முன்துண்டு "இரு" வினை. "ஜெ ஸ்வி ஆலே ஆ நிலாவெளி", நிலாவெளிக்குப் போனேன். சொல்பவர் பெண் என்றால் எழுத்தில் கடைசியில் ஒரு "ஈ" கூடும், ஒலி மாறாது. எதிர்மறை முன்துண்டை மட்டும் சுற்றும்: "ஜெ நே பா மான்ஜே". "மான்ஜே பா" என்று கடைசியில் ஒட்டாதீர்கள்.

"மீன் விக்கிற பொடியன்", "வருவார் எண்டு நினைக்கிறன்": இந்த நீள வசனங்கள்?

இரண்டிலும் தமிழைக் கண்ணாடியில் திருப்பிப் பிடியுங்கள். பொடியன் முதலில், விற்பது பிறகு: "லெ கார்ஸோன் கி வான் லெ ப்வாஸோன்". "பொடியன் விக்கிற மீன்" என்றால் "லெ ப்வாஸோன் கெ லெ கார்ஸோன் வான்". நமக்கு இரண்டிலும் ஒரே "விக்கிற", அவர்களுக்குக் "கி", "கெ" என்று இரண்டு. அடுத்து நேராக வினை வந்தால் "கி", புதிய எழுவாய் வந்தால் "கெ". நம் "எண்டு"வும் "கெ"யாகி நடுவுக்கு வரும்: "ஜெ பான்ஸ் கில் வியேன்", நினைக்கிறேன், அவர் வருகிறார் என்று.

டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் தொடக்க நிலை) பரீட்சைக்கு இதில் எவ்வளவு வேண்டும்?

முந்தைய கேள்வியின் நீள வசனங்களைத் தவிர மற்றதில் பெரும்பகுதி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி, மொத்தம் 100க்கு 50 எடுத்தால் சித்தி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. எழுத்துக்கு 30 நிமிடம், ஒரு படிவமும் குறைந்தது 40 சொல்லில் ஒரு சிறு செய்தியும். ஐந்து நிமிடத்தை மிச்சம் வைத்து மூன்றை மட்டும் தேடுங்கள்: எழுவாய் இல்லாத வினை, "லெ", "அன்", "து" இல்லாத பெயர், "பா" இருந்து "நெ" இல்லாத இடம். எழுத்தில் புள்ளி அதிகம் கழிவது இவற்றில்தான்.

ஒரு வசனத்தை முழுதாகக் கட்டிக் காட்ட முடியுமா?

படகோட்டி சொல்ல விரும்புவது: "நாளைக்குக் காலமை நான் உங்களுக்குப் படகிலிருந்து கோயிலைக் காட்டுறன்."

முதலில் எழுவாயும் வினையும்: "ஜெ மோன்த்ர்", நான் காட்டுறன். என்னத்தை என்பது பின்னால்: "ஜெ மோன்த்ர் லெ தான்ப்ல்". உங்களுக்கு என்பது சுட்டுப்பெயர், ஆகவே வினைக்கு முன்னால் ஏறும்: "ஜெ வு மோன்த்ர் லெ தான்ப்ல்". எங்கிருந்து என்பது வாலில்: "தெப்வி லெ பாத்தோ". எப்போது என்பது தலையில், அதற்குப் பின் ஒரு காற்புள்ளி: "தெமேன் மாத்தேன், ஜெ வு மோன்த்ர் லெ தான்ப்ல் தெப்வி லெ பாத்தோ."

கடல் கொந்தளித்தால் இதே வசனத்தில் இரண்டு துண்டு சேர்த்தால் போதும். "உங்களுக்கு" என்ற "வு"வையும் சேர்த்து "நெ", "பா" சுற்றி வளைக்கும்: "தெமேன் மாத்தேன், ஜெ நெ வு மோன்த்ர் பா லெ தான்ப்ல் தெப்வி லெ பாத்தோ."